பருத்தியும் பிரேம்சந்த் ராய்சந்தும்

 

அரூர் வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாளில், மூட்டைகளின் அருகே காத்திருக்கும் உழவரின் முகத்தைக் கண்டோர் இங்குப் பலர் இருப்பர். குவிண்டாலுக்கு என்ன விலை கேட்கப்போகிறார்கள் என்பதை அவர் அறியார். அவ்விலையை முடிவு செய்யும் காரணங்கள் பலவும் அவர் கண்டிராத நாடுகளில் இருக்கின்றன. தொலைதூரப் போர் ஒன்று நம் நாட்டுப் பருத்தியை எவ்வாறு பொன்னாக்கியது, பின்பு எவ்வாறு பஞ்சாகவே ஆக்கியது என்பதைப் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் சமண வணிகரின் வாழ்க்கை காட்டும்.

அவர் 1831இல் சூரத்தில் பிறந்தவர். தந்தையாருடன் பம்பாய்க்குக் குடியேறி, அங்கே ஆங்கிலக் கல்வி பெற்று, இளமையிலேயே ஒரு தரகரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஆங்கிலம் பேசவும் எழுதவும் வல்ல இந்தியத் தரகர் அக்காலத்தில் அரியர். ஆகையால் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் அவரை நாடின. பேரங்களைக் குறித்து வைக்காமல் நினைவிலேயே கொண்டு, அனைத்தையும் பிழையின்றி முடிப்பார் என்பர்.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. லங்காஷயர் ஆலைகள் பெரிதும் நம்பியிருந்த அமெரிக்கப் பருத்தி வருவது ஏறக்குறைய நின்றது. ஆலைகள் இந்தியாவை நோக்கின. குறுகிய இழையுடையது, தூசு மிகுந்தது என்று முன்பு இகழப்பட்ட சூரத் பருத்தி பன்மடங்கு விலைக்குப் போயிற்று. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. செய்தி கப்பலில்தான் வரவேண்டும். லிவர்பூல் விலையை முதலில் அறிபவருக்கே ஆதாயம். கப்பல் கரை சேரும் முன்பே படகில் ஆளனுப்பிக் கடிதங்களைப் பெற்றுவரச் செய்தார் பிரேம்சந்த் என்று கூறுவதுண்டு. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்து விழும் விலைநிலவரத்திற்காக அன்று கடலில் துடுப்புப் போட்டனர்!

விலை ஏறினால் கலப்படமும் ஏறும் என்பது வணிகர் அறியாததன்று. விதையும் மண்ணும் கலந்த பொதிகள் பெருகவே, 1863இல் பம்பாய் அரசு பருத்தி மோசடித் தடுப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

பருத்தியால் வந்த பணம் பருத்தியில் நிற்கவில்லை. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பேக் பே நிறுவனம் முதலாகப் புதிது புதிதாகக் கம்பெனிகள் தோன்றின. அவற்றின் பங்குகளை மக்கள் போட்டியிட்டு வாங்கினர். எந்தப் பங்கை யாருக்கு ஒதுக்குவது, எந்தக் கடனை யாருக்கு வழங்குவது என்பதில் பிரேம்சந்தின் சொல்லே பெரும்பாலும் முடிவாயிற்று. பம்பாய் வங்கியின் அதிகாரிகளிடம் அவருக்கிருந்த செல்வாக்கினால், போதிய ஈடின்றியும் பெருந்தொகைகள் கடனாகச் சென்றன. அவ்வங்கியில் அரசாங்கமே பங்குதாரர் என்பதால் அதனை ஐயுற்றவர் எவருமில்லை.

1865 ஏப்ரலில் போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் வரும் என்ற செய்தியே விலையைச் சரித்தது. தவணைப் பேரங்களைத் தீர்க்க வேண்டிய நாளாகிய ஜூலை 1, பம்பாய் வணிகத்தின் கரிநாளாயிற்று. ஒரு காலத்தில் 2,850 ரூபாய்க்கு விற்ற வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. 1868இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. வங்கியும் மூடப்பட்டது. அக்குழுவின் முன் வெளிப்பட்டவற்றுள் பிரேம்சந்த் பெற்ற, பெற்றுத் தந்த கடன்களும் அடங்கும். அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்து விடுவர், அது நேர்மையன்று. வங்கியை நம்பிப் பணம் போட்டு இழந்தவர்களின் கதையும் இவ்வரலாற்றில் சேர்ந்ததே. தக்காணத்தில் பருத்தி விலையை நம்பிக் கடன்பட்ட உழவர்கள், அது வீழ்ந்த பின்னரும் வட்டி கட்டி நொந்தனர். 1875இல் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் அவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் வீழ்ச்சிக்கு முன்பே அவர் செய்த கொடைகள் நிலைத்தன. 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகம் எழுப்ப 2 லட்சம் ரூபாயும், தம் அன்னை ராஜாபாய் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் 2 லட்சமும் அளித்தார். 280 அடி உயர்ந்த அக்கூண்டு 1878இல் நிறைவுற்றது. அன்னையார் கண்பார்வை இழந்தவர் என்றும், கதிரவன் மறையும் முன் உணவு முடிக்கும் நெறியைப் பிறர் துணையின்றிக் கடைப்பிடிக்க அம்மணியோசை உதவியது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இரவுணவு தவிர்க்கும் நம் இல்லங்களில் இச்செய்தியின் அருமை எளிதில் விளங்கும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் அவர் பெருங்கொடை வழங்கினார். அதிலிருந்து தோன்றிய உதவித்தொகையைப் பெற்றவர்களுள் வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் ஒருவர்.

செல்வம் கடன்காரர்களிடம் சென்றபோது பிரேம்சந்துக்கு வயது ஏறக்குறைய முப்பத்தைந்துதான். அவர் ஊரை விட்டு ஓடவில்லை. பழைய தரகுத் தொழிலுக்கே திரும்பினார். பம்பாய்த் தரகர்கள் 1875இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராக இருந்தார். இன்றைய மும்பை பங்குச் சந்தை அச்சங்கத்தின் வளர்ச்சியே. முன்போல் நகரையே ஆட்டிவைக்கும் செல்வாக்கு அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே வணிகம் செய்து, 1906இல் மறைந்தார்.