பேருந்து நிலையத்துக்குள் வந்த தாளம்



பக்கத்தில் மேசையோ நாற்காலிக் கையோ இருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரும்பவும் ஒன்று. இப்போது அந்த 'ஒன்று' வரும்போது மட்டும் ஓங்கித் தட்டுங்கள். மற்ற மூன்றையும் மெல்ல விட்டுவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால், உங்கள் தட்டுகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் அவரைத் தட்டச் சொல்லுங்கள். ஐந்தாறு சுற்றுக்குள் உங்கள் கால் தானாக அசையத் தொடங்கியிருக்கும். ஃபங்க் இசையின் அடித்தளம் இவ்வளவுதான். 1960களின் நடுவில் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரர்களிடம் இந்த முதல் தட்டைத்தான் விடாமல் கேட்டார். கிட்டார், ஊதுகருவி, குரல் எல்லாமே அவர் குழுவில் தாள வாத்தியங்கள் ஆயின. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் எங்கெங்கோ சுற்றிவிட்டு எடுப்புக்கு வந்து சேரும்போது அரங்கமே தலையாட்டுகிறதே, அந்த வந்துசேரும் நிறைவு ஃபங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிடைக்கும்.

இந்த இசையை இசைத்தட்டில் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் அது உருவாவது ஆட்டக்காரர்களின் முன்னால். கூட்டம் ஆடினால் குழு அதே சுற்றைப் பத்து நிமிடம் வாசிக்கும், கூட்டம் நின்றால் மாற்றும். ஆகவே ஒரு நகரத்தில் ஃபங்க் வாழ வேண்டுமென்றால் ஆட ஒரு கூடம் வேண்டும். அந்தக் கூடத்தின் கதவு வாசிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கதவின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் மினியாபொலிஸ் என்ற நகரம் இருக்கிறது. மாவு ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். குளிர்காலத்தில் வெப்பநிலை வாரக்கணக்கில் பூஜ்யத்துக்கு மேலே ஏறாது. நகரின் நடுவே 7ஆம் தெருவும் முதலாம் அவென்யூவும் சந்திக்கும் முனையில் 1937இல் கிரேஹவுண்ட் பேருந்துகளுக்காக ஒரு நிலையம் எழுந்தது. மூலையில் கூர்மையில்லாமல் வளைந்து ஓடும் சுவர், அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ பாணி. உள்ளே குளிர்சாதனம், குளியலறை, பொதுத் தொலைபேசிகள் என்று வெளியூர்ப் பயணிகளுக்கு எல்லா வசதிகளும் இருந்தன. 1960களின் கடைசியில் பேருந்துகள் வேறிடம் போய்விட்டன. காலியான கூடத்தைப் பார்த்த சில இளைஞர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 1970 ஏப்ரல் 3 அன்று அதே கூடம் 'தி டிப்போ' என்ற இரவு விடுதியாகத் திறந்தது. முதல் நாள் மேடையில் பாடகர் ஜோ காக்கரும் அவருடைய பெரும் இசைப்படையும்.

எப்பேர்ப்பட்ட திறப்பு! ஆனாலும் அடுத்த ஆண்டே விடுதி மூடப்பட்டது. 1972இல் வேறொரு கம்பெனி எடுத்து, 'அங்கிள் சாம்ஸ்' என்று பெயர் வைத்து, டிஸ்கோ நடத்தியது. இசைத்தட்டு சுழலும், விளக்கு சுழலும், மக்கள் ஆடுவார்கள். உள்ளூர்க் குழுக்களுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

அதே ஆண்டுகளில் அந்தக் கட்டடத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

1970இல் மினியாபொலிஸில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். அவர்களில் பலர் நகரின் வடக்குப் பகுதியில் வாழ்ந்தார்கள். 1966இல் அங்கே பிளிமத் அவென்யூவில் கலவரம் நடந்தது. இளைஞர்களுக்குப் போக இடமில்லை என்ற குரல் எழுந்தது. அதே ஆண்டு அந்தத் தெருவில் 'தி வே' என்ற சமூக நிலையம் தொடங்கியது. அங்கே வாத்தியங்கள் இருந்தன, ஒத்திகை பார்க்க இடம் இருந்தது, பொறுமையாகச் சொல்லித்தரப் பெரியவர்கள் இருந்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் குழுக்கள் அமைத்தார்கள். கிராண்ட் சென்ட்ரல், ஃப்ளைட் டைம், ஃபேமிலி, மைண்ட் அண்ட் மேட்டர். பள்ளிக்கூடத்திலும் சமூக நிலையத்திலும் ஒரு குழுவுக்கு எதிரே இன்னொரு குழு நின்று போட்டி வாசிக்கும். போன முறை தோற்றவர்கள் அடுத்த முறைக்காக இரவெல்லாம் பயிற்சி செய்வார்கள். இந்தப் போட்டியில்தான் கைகள் தேறின.

கிராண்ட் சென்ட்ரல் குழுவில் பிரின்ஸ் என்ற பையன் இருந்தான். அப்பா பியானோ வாசிப்பவர், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தங்க நிலையான இடமில்லாத அவனை நண்பன் ஆண்ட்ரே சைமோனின் தாய் பெர்னடெட் ஆண்டர்சன் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஏற்கெனவே ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வீட்டின் நிலவறைதான் பையன்களுக்கு ஒத்திகைக் கூடமும் ஆயிற்று. நள்ளிரவு வரை மேலே வீடு அதிர்ந்திருக்கும். அதைச் சகித்துக்கொண்ட ஒரு தாயை நினைக்காமல் இந்த நகரத்தின் இசையைப் பற்றி என்னால் பேச முடியவில்லை.

வானொலியில் பேசுவதால் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் கறுப்பின இசையை ஒலிபரப்பியது சக்தி குறைந்த ஒரு சின்ன நிலையம். அதுவும் பொழுது சாயும்போது நின்றுவிடும். அதன் பிறகு பிள்ளைகள் கேட்டதெல்லாம் மற்ற நிலையங்களின் ராக் பாட்டு. பகலில் ஃபங்க், இரவில் ராக். பின்னாளில் உலகம் 'மினியாபொலிஸ் ஒலி' என்று பெயரிட்டுக் கொண்டாடிய கலவைக்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம். இன்னொரு மாற்றமும் நடந்தது. ஜேம்ஸ் பிரவுன் பாணிக் குழுவில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒரு வரிசையாக நின்று ஊதும். பிரின்ஸ் அந்த வரிசையைத் தூக்கிவிட்டு, ஓபர்ஹைம் சிந்தசைசரில் அதே வெட்டு வெட்டான வீச்சை வாசித்தார். டிரம்ஸுக்குப் பதில் பல பாடல்களில் லின் என்ற தாள இயந்திரம். குளிர்ந்த, பளிச்சென்ற, கொஞ்சம் உலோக நெடியடிக்கும் ஃபங்க் பிறந்தது.

இத்தனை திறமை வடக்கே இருந்தும் நகர மையத்தின் விடுதிகள் கறுப்பினக் குழுக்களை அரிதாகவே மேடையேற்றின. வடக்குப் பகுதியில் ஒரு சில மதுக்கடைகள், சில திருமண நிகழ்ச்சிகள், அத்துடன் சரி. பேருந்து நிலையக் கூடத்தில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்த அதே இரவுகளில் அந்த இசையை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிலவறையில் இருந்தார்கள். இதை எண்ணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1980இல் 'ஃபங்க்கிடவுன்' என்ற பாட்டு உலகத்தையே ஆடவைத்தது. அமெரிக்கத் தரவரிசையில் நான்கு வாரம் முதலிடம். அதை உருவாக்கியவர் மினியாபொலிஸ்காரர். பாடிய சிந்தியா ஜான்சன் ஃப்ளைட் டைம் குழுவில் பாடியவர். பாட்டின் பொருள் என்ன தெரியுமா? இந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை, உயிரோட்டமுள்ள வேறு நகரத்துக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம். ஃபங்க் நகரம் எங்கோ இருக்கிறது என்று அந்த ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டிஸ்கோ அலை ஓய்ந்து, அங்கிள் சாம்ஸை நடத்திய கம்பெனி விலகிப் போனது. கூடத்தின் பொறுப்பை அங்கேயே வேலை பார்த்த ஸ்டீவ் மெக்லெல்லன் ஏற்றார். நேரடி இசையைத் திரும்பக் கொண்டுவந்தார். கறுப்பர், வெள்ளையர், ராக், ஃபங்க், பங்க் என்று பாராமல் குழுக்களை அழைத்தார். பக்கத்துச் சின்ன அறையில் 'செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி' 1980இல் திறந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அது முதல் படி. 1981 மார்ச்சில் பிரின்ஸ் பெரிய மேடையில் முதன்முறையாக வாசித்தார். அந்த ஆண்டு முடியும்போது விடுதிக்கு ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற பெயர் நிலைத்தது. இந்த முறை ஜோ காக்கர் அளவுக்கு ஆரவாரமில்லை. என் கணக்கில் அந்தக் கூடம் உண்மையில் திறந்தது இப்போதுதான்.

இனி 1983 ஆகஸ்ட் 3. மினசோட்டா நடனக் குழுவுக்கு நிதி திரட்ட ஃபர்ஸ்ட் அவென்யூவில் பிரின்ஸின் நிகழ்ச்சி. அனுமதிச் சீட்டு 25 டாலர். கோடை வெக்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். 19 வயது வெண்டி மெல்வாய்ன் கிட்டாருடன் அவர் குழுவில் முதன்முதலாக மேடையேறிய இரவு. வெளியே தெருவில் ஒலிப்பதிவுக் கருவிகள் நிறைந்த வண்டி ஒன்று நின்றது. பல பாடல்கள் புதியவை, கேட்பவர்களுக்கு அவற்றில் ஒரு வரிகூடத் தெரியாது. அன்று பதிவானவற்றில் மூன்று பாடல்கள், ஸ்டூடியோவில் சில மெருகேற்றல்களுடன், 'பர்ப்பிள் ரெய்ன்' இசைத்தட்டில் இடம்பெற்றன. ஒன்பதில் மூன்று. தலைப்புப் பாடலில் ஒரு சரணத்தை வெட்டி நீளத்தைக் குறைத்தார்கள். 'பேபி ஐ ஆம் எ ஸ்டார்' என்ற பாடலைக் கேட்டால் அந்த முதல் தட்டு எப்படிக் கூடத்தையே தூக்குகிறது என்று புரியும். கூட்டத்தின் மூச்சு அதில் இருக்கிறது. 1984இல் இசைத்தட்டு வெளிவந்து 24 வாரம் முதலிடத்தில் நின்றது. அதே பெயரில் வந்த படத்தில் ஃபர்ஸ்ட் அவென்யூ, ஃபர்ஸ்ட் அவென்யூவாகவே நடித்தது. ஃப்ளைட் டைம் குழுவின் டெர்ரி லூயிஸும் மைண்ட் அண்ட் மேட்டரின் ஜிம்மி ஜாமும் சேர்ந்து, 1986இல் வெளிவந்த பாடகி ஜேனட் ஜாக்சனின் 'கன்ட்ரோல்' இசைத்தட்டை இதே நகரத்தில் உருவாக்கினார்கள். எங்கோ இருக்கிறது என்று ஏங்கிய நகரத்துக்கு இப்போது மற்றவர்கள் தேடி வந்தார்கள்.

வெற்றி வந்தால் புது விடுதியும் வருமல்லவா? 1990 வாக்கில் நகரத்தின் பழைய கிடங்குப் பகுதியில் 'கிளாம் ஸ்லாம்' திறந்தது. பெயர் பிரின்ஸின் 1988ஆம் ஆண்டுப் பாடலின் பெயர். நடத்தியவர் அவருடைய மெய்க்காப்பாளராக இருந்து மேலாளராக உயர்ந்த கில்பர்ட் டேவிசன். பிறகு லாஸ் ஏஞ்சலிஸிலும் மயாமியிலும் அதே பெயரில் விடுதிகள் வந்தன. எந்த இரவிலும் பிரின்ஸ் வந்து மேடையேறக்கூடும் என்ற எதிர்பார்ப்பைவிடப் பெரிய அலங்காரம் ஒரு கிளப்புக்கு வேண்டுமா? இருந்தும் 90களின் நடுவிலேயே அந்தப் பெயர்ப்பலகை இறங்கிவிட்டது.

அதே வட்டாரத்தில் பங்கர்ஸ் என்று ஒரு சாதாரண மதுக்கடை. 1987இல் 'டாக்டர் மாம்போஸ் காம்போ' என்ற குழு அங்கே வாசிக்கத் தொடங்கியது. ஞாயிறும் திங்களும். வாரக் கடைசிக் கூட்டம் கலைந்த பிறகு வரும் இரவுகள் அவை. வேறு மேடைகளில் வேலையை முடித்த இசைக்கலைஞர்கள் தங்கள் மகிழ்ச்சிக்காக வந்து சேர்ந்து வாசிக்கிற இரவுகள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஞாயிறும் திங்களும் தொடர்ந்தன. பிரின்ஸ் ஓரமாக வந்து நின்று கேட்பார். சில நாள் மேடையேறுவார். அங்கே டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் மைக்கேல் பிளாண்டை 1989இல் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். பேஸ் கிட்டார் வாசித்த சோனி தாம்சனும் பின்னர் சேர்ந்தார். இவர் யார்? 'தி வே' நிலையத்தில் வாசித்த ஃபேமிலி குழுவின் சோனி. சிறுவன் பிரின்ஸ் அண்ணாந்து பார்த்த வாத்தியக்காரர்.

உங்கள் ஊரில் புதிதாக ஒரு இசை விடுதி திறந்தால் முதல் இரவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். யார் வாசிக்கிறார்கள், எத்தனை பேர் ஆடுகிறார்கள், வாசலில் யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். நகரத்து இசை அங்கேதான் இருக்கும்.

கதவு தானாகத் திறந்தே இருந்துவிடாது. 2004 நவம்பரில் ஃபர்ஸ்ட் அவென்யூ திவாலாகிப் பூட்டப்பட்டது. நகர மேயரே முன்னின்று உதவ, சில வாரங்களில் மீண்டும் திறந்தது. 2020இல் பெருந்தொற்று நாட்டிலுள்ள எல்லா மேடைகளையும் மூடியபோது, அதன் உரிமையாளர் டெய்னா ஃபிராங்க் நாடெங்கும் உள்ள தனியார் இசைக்கூடங்களின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். அந்த டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் மேடைகளுக்காக 1500 கோடி டாலர் ஒதுக்கியது. வடக்கே 'தி வே' அப்படித் தப்பவில்லை. 1980களில் அது மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று காவல் நிலையம் நிற்கிறது.

ஃபர்ஸ்ட் அவென்யூவின் வளைந்த சுவருக்கு இப்போது கறுப்பு வண்ணம். அங்கே வாசித்தவர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கான வெள்ளி நட்சத்திரங்களாகச் சுவர் முழுக்க எழுதப்பட்டிருக்கின்றன. 2016 ஏப்ரல் 21 அன்று பிரின்ஸ் இறந்த செய்தி வந்ததும், சாயங்காலத்துக்குள் 7ஆம் தெரு நிரம்பிவிட்டது. போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தெருவிலேயே மேடை போட்டார்கள். அழுதுகொண்டே பாடினார்கள், பாடிக்கொண்டே ஆடினார்கள். உள்ளே அவருடைய பாடல்கள் விடியும் வரை ஒலித்தன. அடுத்த இரண்டு இரவுகளும் அப்படியே. சில நாளில் அந்தச் சுவரில் ஒரேயொரு நட்சத்திரம் மட்டும் தங்க நிறத்துக்கு மாறியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில்தான்; வரிசையில் நிற்பவர்கள் உள்ளே போகுமுன் தொட்டுவிட்டுப் போகலாம்.