தோல் உணர்த்தும் உள்நோய்
(திருவதிகையில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



கெடிலக் கரையில் அமைந்த திருவதிகை, தமிழ்ச் சமண வரலாற்றோடு பிரிக்க இயலாத ஊர். இதன் கிழக்கே, இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், பாடலிபுத்திரம் என்னும் பெரும்பள்ளி விளங்கியது. சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், லோகவிபாகம் என்னும் நூல் எழுதப்பெற்ற இடம் அதுவே என்பர் அறிஞர். அப்பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் இருந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்தித் திருவதிகைக்கு வந்ததாகப் பெரியபுராணம் கூறும். சமயச் சார்பை ஒதுக்கி நோக்கினும், அச்செய்தி ஓர் உண்மையை உணர்த்தும். வயிற்றினுள் எழும் நோயைப் பிறர் காண இயலாது. வருந்துவோர் வாய்திறந்து சொன்னாலன்றி அது புலப்படாது.

எனினும், உள்நோய்கள் எல்லாம் அவ்வாறு மறைந்தே இருப்பதில்லை. இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் தோன்றும் சில நோய்கள் தோலில் தம் அடையாளத்தைப் பதிக்கின்றன. அவற்றைக் கண்டும் காணாதிருப்பதே பெருந்தீங்கு.

முதலில் இரத்தம். குருதிக் கசிவைத் தடுக்கும் தட்டணுக்கள், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருத்தல் இயல்பு. இரத்தப் புற்றுநோயில், எலும்பு மச்சையை நோயணுக்கள் நிறைத்துவிடுவதால் தட்டணுக்களின் உற்பத்தி குன்றுகிறது. அப்போது கால்களில் குண்டூசி முனையளவு செம்புள்ளிகள் தோன்றும். அடிபடாமலேயே நீலத்தழும்புகள் எழும். ஈறில் குருதி கசியும். கண்ணாடிக் குவளையைப் புள்ளியின்மேல் அழுத்திப் பார்த்தால், சாதாரணச் சிவப்பு மறையும்; தோலுக்கடியில் கசிந்த குருதிப்புள்ளி மறையாது. டெங்குக் காய்ச்சலிலும் பிற நோய்களிலும் இத்தகைய புள்ளிகள் வருவதுண்டு. ஆதலால் அஞ்சுவதைவிட, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

அடுத்து, ஆறாத படை. நிணநீர் அணுக்களில் எழும் ஒருவகைப் புற்றுநோய் தோலிலேயே தொடங்குகிறது. 1806-இல் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் இதனை விவரித்தார். முற்றிய கட்டிகள் காளானை ஒத்திருந்தமையால், காளானைக் குறிக்கும் பெயரே இதற்கு நிலைத்தது; எனினும் இது பூஞ்சை நோயன்று. வெயில் படாத இடுப்பு, தொடை முதலிய இடங்களில் படர்தாமரை போலவோ, வெளிறிய தேமல் போலவோ பல்லாண்டுகள் தங்கியிருக்கும். கடைக் களிம்பால் சற்றே அடங்கும், மீண்டும் எழும். தோலின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தாலன்றி இதன் இயல்பு விளங்காது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி ஓட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்குவதை யாவரும் அறிவர். அதனால் எந்தப் படையையும் "முந்திரிப் பால் பட்டது" என்று கழித்துவிடும் வழக்கம் உண்டு. அந்தப் புண் வேலையை நிறுத்தி மருந்திட்டால் சில வாரங்களில் ஆறும். ஆறாதது வேறொன்றாக இருக்கலாம்.

மூன்றாவது, நாணத்தால் மறைக்கப்படுவது. ஒரு மார்பின் காம்பில் மட்டும் செதிலும் அரிப்பும் புண்ணும் தோன்றி ஆறாதிருப்பின், அது உள்ளிருக்கும் மார்பகப் புற்றுநோயின் அடையாளமாகலாம் என்பதை 1874-இல் ஜேம்ஸ் பேஜட் எடுத்துக்காட்டினார். தொப்புளில் எழும் கடினமான முடிச்சு, வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறியாகலாம். இதனை முதலில் கவனித்தவர், அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு உதவிய மேரி ஜோசப் என்னும் துறவுச் செவிலியர். அவர் பெயராலேயே மருத்துவ உலகம் அதனை இன்றும் அழைக்கிறது. தாய்மாரும் தமக்கையரும் இவற்றைச் சொல்லத் தயங்காத சூழலை அமைப்பது இல்லத்தாரின் கடமை.

நான்காவது செய்தி, புலால் உண்ணாத குடும்பங்களுக்கே உரியது. பி-12 உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை; பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. அது குறைந்தால் சிவப்பணுக்கள் பருத்து எண்ணிக்கையில் குன்றும். விரல் முட்டிகளும் உள்ளங்கையும் கருக்கும், நாக்கு வழவழப்பாகிச் சிவக்கும், பாதம் மரத்துப்போகும். சிகிச்சை பெற்றால் கருமை நீங்கும். நரம்புச் சேதமோ காலம் தாழ்ந்தால் முற்றும் நீங்காது. இச்சத்து நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுகிறது. கூட்டுறைகள் சில விலங்கு எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனவை; ஆதலால் மாத்திரை வடிவையோ ஊசியையோ மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். கொல்லாமை நோன்புக்கு இதனால் இழுக்கில்லை.

"வினைப்பயன், பொறுப்பதே அறம்" என்று முதியோர் சிலர் கூறுவர். வினைக் கொள்கை மருந்தை விலக்கவில்லை. நால்வகைத் தானத்துள் ஔஷத தானமும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதே அதற்குச் சான்று. சல்லேகனை நோன்பைப் பற்றிக் கூறும் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகமும், நோயைக் குறிப்பிடுமிடத்துத் தீர்வற்ற நிலையையே நிபந்தனையாக வைக்கிறது. தீர்வு உண்டா இல்லையா என்பதை ஆராயாமல் தீர்வற்றதென முடிவு செய்தல், நூலின் கருத்தன்று.

ஆராய்வதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரியில் ஜிப்மர் உள்ளது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு. உடன் செல்ல ஆளின்றித் தயங்கும் முதியவர் ஒருவருக்குத் துணையாகச் சென்று வருவதும் மருந்து தானமே. இவ்விழாவிலிருந்து இல்லம் திரும்புவோர், பெற்றோரின் கைகளையும் கால்களையும் ஒருமுறை விளக்கொளியில் நோக்குவார்களாக.

அறம் வளர்க. அனைத்துயிரும் நலம் பெறுக.