வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் 16,417 கிலோமீட்டர்



வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடாத பிள்ளை கிடையாது. ஐந்து நிமிடம் ஓடும், மூச்சு வாங்கும், விட்டுவிடும். ஆனால் 264 நாள் விடாமல் பின்தொடர்ந்து போன ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் பெயர் சாரா டைக்மேன். அமெரிக்கர். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில், எல் ரொசாரியோ என்ற மலைக்காட்டிலிருந்து மிதிவண்டியில் தன்னந்தனியாகக் கிளம்பினார். அமெரிக்காவைக் கடந்து, கனடாவைத் தொட்டு, மீண்டும் அதே மலைக்கு நவம்பர் இறுதியில் வந்து சேர்ந்தார். மொத்தம் 10,201 மைல், அதாவது 16,417 கிலோமீட்டர். நமது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். அதில் பத்து முறை போய் வந்தாலும் இந்தக் கணக்குக்கு இன்னும் மிச்சம் இருக்கும்.

விலையுயர்ந்த பந்தய வண்டியில் போயிருப்பார் என்று நினைக்க வேண்டாம். பழைய பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி அது. பின்னால் சாமான் வைக்க, பூனைக்கு மணல் விற்கும் பிளாஸ்டிக் வாளிகளைக் கட்டிக்கொண்டார். இரவில் கூடாரம், அல்லது வழியில் யாராவது இடம் கொடுத்தால் அவர்கள் வீடு. போகிற வழியில் பள்ளிக்கூடங்களில் நின்று பிள்ளைகளுக்கு இந்தப் பூச்சியைப் பற்றிப் பேசினார். பிறகு எழுதிய பயண நூல் 2021இல் வெளியானது.

அவர் பின்தொடர்ந்தது 'மொனார்க்' எனப்படும் அரச வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு நிறச் சிறகு, கறுப்புக் கோடுகள், எடை அரை கிராம் அளவில். இது குளிர்காலத்தை மத்திய மெக்சிகோவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஓயமெல் மரக்காடுகளில் கழிக்கிறது. கோடிக்கணக்கில் ஒரே காட்டில் வந்து அடைகின்றன. இலை தெரியாத அளவுக்குக் கொப்பெல்லாம் பூச்சி. பாரம் தாங்காமல் கிளை முறிவதும் உண்டு.

இந்த இடம் எது என்பது உலக விஞ்ஞானிகளுக்கு 1975 வரை தெரியாது. கனடாவைச் சேர்ந்த பிரெட் அர்குவார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல்லாண்டுகள் பூச்சியின் சிறகில் சிறிய சீட்டு ஒட்டி அனுப்பிக் காத்திருந்தார்கள். 1975 ஜனவரியில் அவர்களுக்காகத் தேடி அலைந்த கென் பிரகரும் கத்தலினா அகுவாடோவும் மலைமேல் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார்கள். "கண்டுபிடிப்பு" என்று உலகம் கொண்டாடியது. மலையடிவாரத்து மக்கள் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த விஷயம். நவம்பர் தொடக்கத்தில், இறந்தோரை நினைக்கும் நாளையொட்டி இவை வருவதால், செத்துப்போன உறவினர்களின் ஆவிகளே திரும்பி வருகின்றன என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு.

சரி, ஒரே பூச்சியா கனடா வரை போய்த் திரும்புகிறது? அதுதான் இல்லை. மெக்சிகோவிலிருந்து மார்ச்சில் கிளம்பும் பூச்சி டெக்சாஸ் பக்கம் வந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடுகிறது. அதன் பிள்ளை இன்னும் கொஞ்சம் வடக்கே போகிறது. பேரப்பிள்ளை இன்னும் மேலே. கோடையில் பிறப்பவை இரண்டு முதல் ஆறு வாரம்தான் வாழும். ஆனால் கோடை முடிவில் பிறக்கும் தலைமுறைக்கு மட்டும் எட்டு ஒன்பது மாத ஆயுள். அது உடனே முட்டையிடுவதில்லை. தெற்கு நோக்கிப் பறக்கிறது. கொள்ளுப்பாட்டி கிளம்பி வந்த அதே மலைக்கு, ஒரு முறைகூடப் பார்த்திராத மலைக்குப் போய்ச் சேர்கிறது. வழி காட்டுவது சூரியன். சூரியன் இடம் மாறிக்கொண்டே இருக்குமே என்றால், அதன் உணர்கொம்புகளில் நேரம் கணக்கிடும் கடிகாரம் ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. எனவே 2017இல் மலையிலிருந்து கிளம்பி அதே மலைக்குத் திரும்பிய முழுச் சுற்றையும் முடித்தவர் சாரா ஒருவர்தான். அவருடன் புறப்பட்ட பூச்சிகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இந்தப் பூச்சியின் புழு ஒரே குடும்பச் செடியைத்தான் தின்னும். பால் வடியும் செடி. நம்மவர்கள் பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற எருக்கின் சொந்தக்காரச் செடி என்றால் சட்டென்று விளங்கும். அந்தப் பாலில் நஞ்சு உண்டு. புழு அதை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எருக்கில் வளரும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இதற்கு நெருங்கிய உறவு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் சோளக் காட்டுக்கும் சோயாக் காட்டுக்கும் நடுவில் இந்தச் செடி களையாக முளைத்துக் கிடந்தது. 1996இல் களைக்கொல்லியைத் தாங்கும் சோயா விதை வந்தது, அடுத்துச் சோளமும் வந்தது. பயிருக்கு மேலேயே கிளைபோசேட் அடிக்கலாம், பயிர் நிற்கும், மற்றதெல்லாம் கருகும். தோட்டத்தில் தோம்பு சுமந்து மருந்து அடித்தவர்கள் நம்மில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. களைக்கொல்லி என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1999க்கும் 2010க்கும் இடையில் அந்த வட்டாரத்தில் இச்செடி 58 விழுக்காடு குறைந்துவிட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. செடிக் குறைவே முழுக் காரணம் என்று எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்வதில்லை. வறட்சி, புயல், மெக்சிகோவில் நடக்கும் மரத்திருட்டு ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன.

பூச்சியை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எனவே அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18.19 ஹெக்டர். சாரா கிளம்பிய பருவத்தில் 2.91 ஹெக்டர். 2023-24இல் 0.9 ஹெக்டர்தான். அடுத்த ஆண்டு 1.79 ஹெக்டராக உயர்ந்தபோது மகிழ்ந்தார்கள், ஆனால் அது பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செடி நடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நல்ல மனத்தோடு அமெரிக்கத் தென்மாநிலங்களில் பலர் கடையில் கிடைத்த வெப்பமண்டல வகையை வாங்கி நட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செடி அது, நமது பூங்காக்களிலும் காணலாம். அது குளிர்காலத்திலும் பட்டுப்போவதில்லை. ஆகவே பூச்சி தெற்கே போகாமல் அங்கேயே தங்கி முட்டையிடுகிறது, ஒட்டுண்ணி நோயும் அதே இலைகளில் பெருகுகிறது. அந்தந்த ஊர் மண்ணுக்குரிய வகையை நடுங்கள் என்று பிறகு சொல்ல வேண்டியதாயிற்று.

மெக்சிகோ மலைவாசிகளின் பக்கத்தையும் பேசாமல் விடக்கூடாது. 1986இல் அரசு அந்தக் காட்டைப் பாதுகாப்பு வனமாக அறிவித்தது. 2000இல் அது 56,259 ஹெக்டராக விரிந்தது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக்கியது. பெருமைதான். ஆனால் அந்த மரத்தை வெட்டித்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது. வடக்கே இரண்டு நாடுகள் வயலில் மருந்து அடித்துக்கொண்டே, தெற்கே ஏழை விவசாயியைப் பார்த்து மரத்தைத் தொடாதே என்று சொல்வது நியாயமில்லாத பங்கீடு. அப்படியிருந்தும் காவலுக்கு நின்றவர்கள் உண்டு. ஒமேரோ கோமெஸ் கோன்சாலெஸ் ஒருகாலத்தில் மரம் வெட்டியவர். பிறகு எல் ரொசாரியோ சரணாலயத்தின் பொறுப்பாளராகி, பூச்சிக்கூட்டத்தின் நடுவே நின்று காணொளி எடுத்து உலகத்துக்குக் காட்டியவர். 2020 ஜனவரியில் அவர் காணாமற்போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு கிணற்றில் அவர் உடல் கிடைத்தது.

சாராவின் பயணத்தில் அவரை அதிகம் வாட்டியவற்றில் ஒன்று சாலையோரப் புல்வெட்டி. வயலில் செடி அழிந்தபின் அது மிஞ்சியிருப்பது சாலையோரப் பள்ளங்களில்தான். மிதிவண்டியில் மெதுவாகப் போகிறவருக்கு இலைக்கடியில் இருக்கும் முட்டையும் புழுவும் தெரியும், காரில் போகிறவருக்குத் தெரியாது. அவர் பார்த்துவிட்டுப் போகும் அதே பள்ளத்தைப் புல்வெட்டி வழித்துக்கொண்டு போய்விடும்.

2020 ஏப்ரலில் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை இதற்கென்று ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சாலை, மின்கம்பி, குழாய் செல்லும் நிலங்களை வைத்திருப்போர் தாமாகச் சேரலாம். சேர்ந்தவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பங்கைப் பூச்சிக்கென ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும். அதற்கு உரிய வழிகளில் ஒன்று, முட்டையும் புழுவும் இருக்கும் காலம் தாண்டும்வரை புல்வெட்டியை வெளியே எடுக்காமல் இருப்பது.