பழைய பைபர் படகு வாங்கப் போகிறவர்களுக்கு

(வானொலியில் நிகழ்த்திய உரை)



சந்தையிலே ஒரு ஜோடி மாடு பிடிக்கப் போனால் நாம் என்ன செய்வோம்? பல்லைப் பிடித்துப் பார்ப்போம். நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்ப்போம். கொம்பிலே பூசிய வர்ணத்தைப் பார்த்து விலை பேசுகிறவர் யாரும் இல்லை. ஆனால் பழைய படகு வாங்கப் போகும்போது மட்டும் பளபளவென்று இருக்கிற பெயிண்டைப் பார்த்து மயங்கி, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

கரையோரக் கிராமங்களில் கொஞ்சம் வயலும் வைத்துக்கொண்டு, கடல் தொழிலும் பார்க்கிற குடும்பங்கள் உண்டு. அறுவடையில் மிஞ்சிய பணத்தை ஒரு பழைய படகிலே போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இன்றைக்கு நான் பேசுகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம்முடைய கரைகளில் பைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் இருந்த இடத்திலே பைபர் படகு வந்து நின்றது. அவசரத்திலே கட்டிய படகுகளும் அவற்றில் உண்டு. இப்படிப்பட்ட வயதான படகுகள் இன்றைக்குக் கைமாறும்போது பார்த்து வாங்க வேண்டியது நம்முடைய பொறுப்பு.

முதலில், படகைக் கரையேற்றி, நன்றாக உலர்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விளக்கு வைத்த நேரத்தில் போகாதீர்கள். நேற்று அடித்த பெயிண்ட் என்றால், "ஏனுங்க, எதை மறைக்க அடிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். தப்பில்லை.

அடுத்து, ஒரு ரூபாய்க் காசையோ சின்னச் சுத்தியலின் மரப்பிடியையோ எடுத்து, படகின் உடம்பு முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கணீரென்று கேட்கும். 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே கண்ணாடி நார் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அல்லது தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். பார்த்து முடித்ததும் வட்டங்களை எண்ணிப் பாருங்கள். விலை பேச அதுவே உதவும்.

தண்ணீருக்குள் இருக்கிற பாகத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி புடைப்புகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். ஒன்றைக் குத்தினால் புளிக்காடி வாசனையோடு நீர் வந்தால், தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டொரு கொப்புளத்தைச் சுரண்டிப் பூசிச் சரிசெய்யலாம். அடி முழுக்க இருந்தால் அந்தப் படகு வேண்டாம். சிலந்திவலை மாதிரி விரிசல் தெரிந்தால், அந்த இடத்திற்கு நேர் உள்பக்கமும் பாருங்கள். மோதிய படகாக இருக்கும்.

அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஏராவைக் குனிந்து பாருங்கள். மணலில் இழுத்து இழுத்து அது தேய்ந்துபோகும். வெள்ளை நார் பிசிறு பிசிறாக வெளியே தெரிந்தால், புதிதாக நார் வைத்துப் பூசுகிற செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இன்ஜினை மாட்டுகிற பின்பலகை இருக்கிறதே, அதுதான் படகின் உயிர். வெளியே பைபர் பூச்சு. உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை. போல்ட்டு போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பல வருஷம் கழித்துப் பலகை உள்ளுக்குள்ளே மக்கிப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரையான் தின்ற உத்தரத்துக்கு வெள்ளையடித்த மாதிரிதான். அலையிலே படகு தூக்கிப் போடும்போது ஒருநாள் அந்தப் பலகை பிய்த்துக்கொண்டு போகும். இன்ஜினும் போய், படகுக்குள் கடலும் வந்துவிட்டால், உள்ளே இருக்கிற நாலு பேர் கதி என்ன?

ஆகவே இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒருவர் ஆட்டட்டும், இன்னொருவர் பலகையைக் கவனிக்கட்டும். பலகை வளைந்து கொடுத்தால் வாங்காதீர்கள். போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்த தடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். உடையவர் சம்மதித்தால் உள்பக்கமாக ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். வருகிற மரத்தூள் உலர்ந்து வெளுப்பாக இருந்தால் நல்லது. ஈரமாக, கறுத்து வந்தால் பலகை போய்விட்டது. பார்த்ததும் அந்தத் துளையை அடைத்துவிட வேண்டும்.

படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க, அடைத்த அறைகளில் நுரைப்பொருள் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து, தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊறிப்போன நுரை மிதக்க உதவாது. சுமையைத்தான் கூட்டும்.

இன்ஜினை நீங்கள் போனபிறகு, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அவுட்போர்டு இன்ஜினாக இருந்தால், தண்ணீரில் ஓடும்போது குளிர்விக்கும் நீர் தாரையாக வெளியே பீய்ச்ச வேண்டும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு கடலில் அரைமணி நேரம் ஓட்டி, படகுக்குள் தண்ணீர் சேருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகக் காகிதம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. மீன்பிடி படகுக்குப் பதிவு வேண்டும். படகில் எழுதிய எண்ணும், புத்தகத்தில் உள்ள எண்ணும், இன்ஜின் தகட்டில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று ஒன்றுக்கு மூன்று முறை பாருங்கள். சங்கத்திலோ வங்கியிலோ கடன் பாக்கி இருக்கிறதா என்று நேரிலேயே விசாரியுங்கள். மீன்வளத்துறை அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகு மீதிப் பணம் கொடுங்கள். பதிவு வேறொருவர் பெயரில் கிடந்தால், வரிவிலக்கு டீசல் வாங்கவும், புயல் நிவாரணம் கேட்கவும் நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள். படகு பழுது பார்க்கிற கைதேர்ந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கிற ஒருநாள் கூலி வீண்செலவு இல்லை. குறை இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஆனால் பின்பலகை மக்கியிருந்தால், அதை மாற்றிக் கட்டிய பிறகுதான் கடலில் இறக்க வேண்டும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் அப்படியே ஓட்டத் துணியாதீர்கள். போன பணத்தை அடுத்த போகத்தில் சம்பாதித்துவிடலாம். கடலுக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லையென்றால் அதை எந்தப் போகத்திலும் ஈடு செய்ய முடியாது.