உள்ளங்கை அளவு ரப்பர்

திருவொற்றியூரில் இருபத்திரண்டு வருடமாக இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து மைதானத்தில் வண்டி ஓட்டவும் கற்றுக்கொடுக்கிறேன். அவசரத்துக்கு வண்டியை நிறுத்துவது பற்றிப் பத்து நிமிடம் வானொலியில் பேசச் சொல்லி, டயர், பிரேக், சாலை, ஹெல்மெட், சட்டம் என்று ஐந்து தலைப்பு எழுதிக் கொடுத்தார்கள். டயரிலேயே பாதி நேரம் போய்விடும் என்று நிலையத்தாரிடம் முன்பே சொல்லிவிட்டேன். சிரித்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்பவர்கள், தயவுசெய்து கழற்றிவிடுங்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, மேலே நீங்கள், பின்னால் வீட்டுக்காரம்மா, முன்னால் காய்கறிப் பை, இத்தனையும் சாலையைத் தொடுவது சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பரில்தான். சின்ன டயராக இருந்தால் அதுகூட இல்லை. வண்டி திரும்புவதும் நிற்பதும் அந்தத் துண்டு ரப்பரின் தயவு.

தார்ச் சாலையைக் கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். டயர் ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் அந்தச் சொரசொரப்புக்குள் இறங்கிக் கவ்வும். வயதானால் ரப்பர் இறுகிவிடும். என் கடைக்கு ஒரு பெரியவர் ஸ்கூட்டர் கொண்டுவந்தார். கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் போகிற வண்டி. "மழையில் வழுக்குதுப்பா, பிரேக்கைப் பார்" என்றார். பிரேக்கில் குறையே இல்லை. டயரைப் பார்த்தால், சாலையைத் தொடும் ரப்பர் பட்டன் புதிது மாதிரி முழுசாக இருக்கிறது. பக்கவாட்டில் துடைத்துப் பார்த்தேன். 1412 என்று நான்கு எண். 2012-ஆம் வருடத்தின் பதினான்காவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். நகத்தை வைத்து அழுத்தினேன், கல்லில் அழுத்தியது போல் இருந்தது. பட்டனுக்கு நடுவே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"தேயாத செருப்பை யாராவது மாற்றுவார்களா?" என்று அவர் கேட்டார். அவருடைய சட்டைப்பையில் பழைய ரசீதுகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு இருந்தது. "ஐயா, அதை இழுத்துப் பாருங்கள்" என்றேன். இழுத்தார், பட்டென்று அறுந்தது. டயர் மாற்றச் சம்மதித்தார். ரப்பர் பேண்டுக்கும் நான்தான் பொறுப்பு என்று ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனார்.

பட்டன் தேய்ந்த டயர் பற்றியும் சொல்லவேண்டும். பட்டனுக்கு இடையில் உள்ள பள்ளம் அழகுக்கு இல்லை, தண்ணீர் வெளியேறும் வாய்க்கால். அந்தப் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டு ஒன்று இருக்கும். பட்டனும் திட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் கணக்கு முடிந்தது. பள்ளம் 0.8 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும் என்பது இருசக்கர வண்டிக்கு நம் நாட்டு விதி. அந்த மட்டத்துக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்பேன்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் விழுந்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், என் கடையில் கூட்டம் என்று வண்டியை வெளியே ஓர் இடத்தில் வாட்டர் சர்வீஸ் விட்டேன். கழுவி முடித்து, பளபளப்புக்காக டீசல் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு தெரு தாண்டவில்லை, டீக்கடை முனையில் திரும்பும்போது வண்டி தனியாக, நான் தனியாக. எழுந்து டயரைத் தொட்டேன், விரலில் பிசுபிசுப்பு. டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மெக்கானிக் அண்ணே, வண்டியை எங்கே சர்வீஸ் விடுறீங்க?" என்று கேட்டார். முழங்கால் காயம் ஒரு வாரத்தில் ஆறியது. அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. டயரிலும் டிஸ்க்கிலும் எண்ணெய் படவே கூடாது, நேயர்களே. புது டயரும் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்தோல் வழவழப்பாகவே இருக்கும். அதுவரை நிதானமாகப் போங்கள்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மழை பெய்த அரைமணி நேரம்தான் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து சோப்பு போல் ஆகிவிடும். எங்கள் எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி திரும்பும் இடங்களில் டீசல் சிந்தியிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் சாலையில் காயும் நெல். ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருவெல்லாம் பூசணிக்காய். திருஷ்டி கழிக்கிறேன் என்று உடைப்பவர்கள் ஓரமாகத் தள்ளிவிட்டாவது போகலாம். நம் திருஷ்டி கழிந்து அடுத்தவர் பல் போவது என்ன நியாயம்?

இனி பிரேக். நான் கற்றுக்கொடுக்கும் எல்லோரிடமும் முதலில் ஒரு பயத்தைப் பிடுங்கவேண்டியிருக்கிறது. "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று அப்பாவோ மாமாவோ சொல்லி வைத்திருப்பார்கள். பஸ் சடாரென்று நின்றால் நாம் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம் இல்லையா? வண்டியின் பாரமும் அப்படியே முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகிவிடும். அதை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, வால் இழுபட்டுப் போகும். உருளும் டயருக்கு இருக்கிற பிடிப்பு, தேய்த்துக்கொண்டே போகிற டயருக்குக் கிடையாது. பாரம் ஏறி நிற்கும் முன் சக்கரம்தான் வண்டியை நிறுத்துகிறது. ஆனால் பாரம் ஏற ஒரு கண நேரம் வேண்டும். அதற்குள் வெடுக்கென்று பிடித்தால் அப்பா சொன்னது பலித்துவிடும்.

இந்தப் பிடியை விளக்க நான் படாத பாடுபட்டிருக்கிறேன். போன வருடம் எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்கா ஸ்கூட்டர் கற்க வந்தார். நான்கு மாடு வைத்திருக்கிறார். "வேகமாக வந்து இந்தக் கோட்டில் நிறுத்துங்கள் அக்கா" என்றேன். முதல் தடவையே இரண்டு பிரேக்கையும் பிடித்தார். முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, அதன்பிறகு இறுக்கினார், வண்டி ஆடாமல் நின்றது. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். எப்படி என்று கேட்டேன். "காம்பை வெடுக்குனு இழுத்தா மாடு உதைக்கும் தம்பி. முதல்ல பதமா புடிச்சு, அப்புறம்தானே அழுத்தணும்" என்றார். அன்றிலிருந்து என் வகுப்பில் பாடம் அதுதான். மாட்டையே பார்க்காத பிள்ளைகளுக்குத்தான் திண்டாட்டம்.

எவ்வளவு பதமாகப் பிடித்தாலும், வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்கு. அறுபதில் போகிற வண்டி, நாய் குறுக்கே வந்ததை நீங்கள் கண்டு விரலை மடக்குகிற ஒரு நொடியிலேயே பதினேழு மீட்டர் போய்விடும். மைதானத்தில் இதை அடி எண்ணி நடந்து காட்டுவேன். பாதி தூரத்திலேயே பையன்களின் முகம் மாறும்.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர், நேரம் முடிகிறது என்று விரலைச் சுழற்றுகிறார். சக்கரத்தைப் பூட்டவிடாத ஏ.பி.எஸ். பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1958-லேயே இங்கிலாந்தில் விமானத்துக்காகச் செய்த, சக்கரம் பூட்டாத பிரேக்கை ஒரு ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோரில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். என்ஃபீல்டு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காது நிமிரும், தொழிற்சாலை எங்கள் ஊரில் இருந்ததாயிற்றே. ஆனால் அந்தப் பிரேக் கடைக்கு வரவில்லை. 1988-ல் பி.எம்.டபிள்யூ.தான் மின்னணு ஏ.பி.எஸ். வைத்த மோட்டார் சைக்கிளை விற்றது. நம் நாட்டில் 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் அது கட்டாயம். அவசரத்தில் பிடிக்கும்போது லீவர் கையில் அதிரும். பழுது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், விடாமல் பிடியுங்கள். மொட்டை டயருக்கு ஏ.பி.எஸ்.ஸால் பிடிப்பு கொடுக்க முடியாது, அதையும் சொல்லிவிட்டேன்.

ஹெல்மெட், சட்டம் இரண்டும் நின்றுபோயின. மறுபடி கூப்பிட்டால் பேசுகிறேன். அடுத்த முறை பஞ்சர் கடையில் காற்று பிடிக்க நிற்கும்போது குனிந்து அந்த நான்கு எண்ணைத் தேடுவீர்கள் என்று நம்புகிறேன். என் வண்டி டயரில் என்ன எண் என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே பேச ஒப்புக்கொண்ட பிறகு, போன வாரம்தான் மாற்றினேன்.