அரிசி வியாபாரம் தொடங்குமுன்

கமக்காரப் பெருமக்களே,

கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பகுதிகளிற் பெரும்போக நெல் களத்துக்கு வந்ததும், அயலவர் நெல்லையும் வாங்கி, அரிசியாக்கித் திருகோணமலைச் சந்தையில் விற்கலாமென எண்ணுவோர் உங்களுள் உளர். எண்ணம் நன்றே. ஆயினும் பணம் முடக்குமுன் கணக்குப் பாருங்கள்.

நூற்றுக்கு 20 ஈரமுள்ள 100 கிலோ நெல்லை, சேமித்தற்கேற்ப 14 ஆகும்வரை உலர்த்தினால் 93 கிலோவே எஞ்சும். அதனைக் குற்றினால் ஏறத்தாழ 60 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே நெல்விலை, ஏற்றுகூலி, விறகு, ஆலைக்கூலி, சாக்கு ஆகிய செலவுகளைக் கூட்டி, தவிடு விற்ற பணத்தைக் கழித்து, மிகுதியை 60 ஆல் வகுத்துப் பாருங்கள். அதுவே ஒரு கிலோ அரிசியின் அடக்கவிலை. 100 ஆல் வகுப்பவர் நட்டமடைவர்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் புழுக்கிய நெல் உலர்தல் அரிது. ஆதலின் பங்குனி வெயிலிற் சிறிதளவாகத் தொடங்குங்கள். தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிவு செய்யுங்கள்.

1957 இல் பிரித்தானியர் இத்துறைமுகக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது, அங்கு வேலை செய்தோர் பலர் பிழைப்பிழந்தனர். ஒன்றையே நம்புதல் ஆபத்து. எனவே மூன்று நான்கு கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இறுதியாக, விதைநெல்லையும் வீட்டுச் சோற்றுக்கான நெல்லையும் முதலிற் பிரித்து வையுங்கள்; அவற்றை வியாபாரத்தில் இடாதீர்கள். வியாபாரம் ஓராண்டு பிந்தலாம், விதைப்புப் பிந்தலாகாது.