முகம் துப்பாகலாம், தீர்ப்பாகக் கூடாது



2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கைப் பொலிஸ், தேடப்படுவோர் என்று ஆறு பேரின் படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மாணவியின் முகம். முகமறி மென்பொருளின் பிழை என்று செய்திகள் வந்தன. பொலிஸ் மன்னிப்புக் கேட்டது. "அது நானில்லை" என்று அந்த மாணவியால் உடனே உலகறியச் சொல்ல முடிந்தது. கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் பசறைத் தோட்டத்துப் பிள்ளையின் படம் வந்திருந்தால், அந்தப் பிள்ளையின் சொல் யார் காதில் ஏறியிருக்கும்?

முகமறி இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது. முகத்தை எண்களாக்கி, சேமித்த படத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று புள்ளி போடும், அவ்வளவுதான். ஆயிரத்துக்கு ஒரு பிழை என்றே வைத்துக்கொள்வோம். பதுளை பஸ் நிலையக் கமராவை ஒரு நாளில் 10,000 பேர் கடந்தால், 10 அப்பாவிகள் சந்தேக நபர்கள். தேடப்படுபவரோ அன்று அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டார். பிழை எல்லார் தலையிலும் சமமாக விழுவதுமில்லை. 2019இல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் 189 மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் பல, ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாகத் தவறாகப் பொருத்தின.

"குற்றம் செய்யாதவருக்கு என்ன பயம்?" என்பார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது எம் மலையக மக்கள் என்ன குற்றம் செய்திருந்தார்கள்? தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டத் தாள் இல்லை என்பதற்காக லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். நிரூபிக்கும் பாரத்தை எளியவர் தோளில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "தொழில்நுட்பம் திருந்திவிடும்" என்பார்கள். திருந்தட்டும். அப்போது சம்பளப் போராட்டத்தில் யார் யார் நின்றார்கள் என்பதையும் அது பிழையில்லாமல் சொல்லிவிடும். ஆகவே துல்லியம் மட்டும் போதாது, எல்லையும் வேண்டும்.

காணாமற்போன பிள்ளையைத் தேட அது உதவட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் இயந்திரம் தரும் பொருத்தம் துப்பு மட்டுமே. அதை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது. டிஜிட்டல் அடையாள அட்டைக்காக நாம் கொடுக்கும் முகம், நீதிமன்றக் கட்டளையின்றிப் பொலிஸ் கமராவுக்குப் போகக் கூடாது. 2022ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பாதுகாப்புக்கு விலக்கு வைத்திருக்கிறது. அந்தக் கதவுக்கு நீதிபதியின் பூட்டு வேண்டும். கமரா ஏறும் முன்பே அந்தப் பூட்டைக் கேட்போம். 1949க்குப் பின் கேட்க நமக்கு வாக்கு மிஞ்சவில்லை, இன்று இருக்கிறது.